பழைய கணினியில் இரண்டாவது திரை: எதிரில் உட்கார்ந்திருப்பவரும் படிவத்தைப் பார்க்க வேண்டும்

அக்காள்மடம் ஜெராக்ஸ் கடை | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில், அக்காள்மடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிரதி எடுப்பதைவிட விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதுதான் இப்போது பெரிய வேலை. சாதிச் சான்று, முதியோர் ஓய்வூதியம், பிள்ளைகளின் உதவித்தொகை என்று காலையிலிருந்து பெஞ்சில் ஆள் இருந்துகொண்டே இருக்கும்.

ஒரு தவறு என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். அந்த நாட்களில் கையில் காசு புழங்காது என்பது கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அப்போது ஓர் அம்மாவுக்கு நான் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பம் பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. அந்தோணி என்று தமிழில் எழுதினால் ஒன்றுதான். ஆங்கிலத்தில் எச் எழுத்து சேர்த்தும் எழுதுகிறார்கள், சேர்க்காமலும் எழுதுகிறார்கள். அவருடைய வங்கிப் புத்தகத்தில் எச் உண்டு, நான் விட்டுவிட்டேன். "நீ என்ன எழுதினாய் என்று எனக்கு எப்படியம்மா தெரியும்? கம்ப்யூட்டர் உன் பக்கம்தானே திரும்பியிருக்கிறது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அதனால் வாடிக்கையாளர் பக்கம் பார்த்தபடி இன்னொரு திரை வைக்கப் போகிறேன். கணினி பழையது: எச்61 மதர்போர்டு, இரண்டாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி நினைவகம், விண்டோஸ் 10. பின்பக்கம் திரைக் கேபிள் மாட்டும் வாய்கள் இரண்டு: ஒரு விஜிஏ, ஒரு டிவிஐ. விஜிஏயில் என் திரை மாட்டியிருக்கிறது. தம்பி வீட்டில் பயன்படுத்தாமல் கிடந்த 17 அங்குலச் சதுரத் திரையைக் கொண்டுவந்தேன். அதற்கு விஜிஏ மட்டும்தான். டிவிஐயை விஜிஏயாக மாற்றும் அடாப்டர் ஒன்று வாங்கினேன். உள்ளே நுழைய மறுக்கிறது. எங்கே தவறு?

தொண்டிக் கரை | திங்கள், இரவு 10.05

அக்கா, அடாப்டரில் தட்டையான தகட்டைச் சுற்றி நான்கு சின்ன ஊசிகள் இருக்கும். அவை இடிக்கின்றனவா பாருங்கள். கடையில் ஒருவர் அந்த நான்கையும் குறடால் ஒடித்துவிட்டு மாட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

கீழக்கரை வயரிங் | திங்கள், இரவு 10.31

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கச்சி, அந்த நான்கு ஊசிகளை ஒடித்துவிடாதீர்கள். ஒடித்தால் உள்ளே நுழையும், ஆனால் படம் வராது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். விஜிஏ 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த ஏற்பாடு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாகக் கம்பியில் போகும். 1999இல் வந்த டிவிஐ எண்முறையில் பேசுவது. ஆனால் பழைய திரைகளையும் கைவிடக் கூடாது என்று, டிவிஐயின் ஒரு வகையில் விஜிஏ சமிக்ஞைக்கும் தனியாக ஊசிகள் ஒதுக்கினார்கள். தட்டைத் துளையைச் சுற்றி இருக்கும் நான்கும் அவைதான். அது டிவிஐ-ஐ. அந்த நான்கு துளைகளும் இல்லாமல் தட்டைத் துளை மட்டும் இருந்தால் டிவிஐ-டி. அடாப்டர் நுழையவில்லை என்பதால் உங்களுடையது டிவிஐ-டி. அதிலிருந்து விஜிஏ சமிக்ஞை வெளியே வருவதே இல்லை. நீங்கள் வாங்கிய அடாப்டர் வாயின் வடிவத்தை மட்டும் மாற்றும். உள்ளே போவதை மாற்றாது.

உங்களுக்குத் தேவை டிவிஐ-டியிலிருந்து விஜிஏவுக்கான கன்வெர்ட்டர். உள்ளே சில்லு வைத்தது. கேட்கும்போது "ஆக்டிவ்" என்று சொல்லிக் கேளுங்கள். திசையையும் சொல்லுங்கள்: கணினியில் டிவிஐ, திரையில் விஜிஏ. எதிர்த்திசைக்கானதும் கடையில் இருக்கும், பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், உங்களுக்கு உதவாது.

இரண்டாம் தலைமுறை ஐ3 ஒரே நேரத்தில் இரண்டு திரைகளைத் தாங்கும். கிராபிக்ஸ் கார்டு வாங்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் வாங்காதீர்கள்.

தொண்டிக் கரை | திங்கள், இரவு 10.44

சரி காக்கா, ஒடிக்கும் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என் கணினி இன்னும் பழையது. நண்டுக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஜி41 போர்டு, பின்னால் விஜிஏ ஒன்றே ஒன்று. ஒரு திரையில் எடைப் பட்டியல், இன்னொன்றில் கணக்குத்தாள் வைக்க ஆசை. விஜிஏவை இரண்டாகப் பிரிக்கும் ஒய் வடிவக் கேபிள் போதுமா?

கீழக்கரை வயரிங் | திங்கள், இரவு 10.58

போதாது தம்பி. பிரிப்பான் ஒரே படத்தை இரண்டு திரையிலும் காட்டும்; தனித்தனிப் படம் வராது. சில்லு இல்லாத வெறும் ஒய் கேபிள் என்றால் இரண்டு படமும் மங்கும்.

உங்களுக்குத்தான் கார்டு தேவை. ஜிடி 710 போன்ற சின்னது போதும். அது 19 வாட் மட்டும் எடுப்பது, போர்டின் நீள வாயிலிருந்தே மின்சாரம் வாங்கிக்கொள்ளும், தனிக் கம்பி வேண்டாம். பெட்டி ஒல்லியானதா என்று முதலில் பாருங்கள். ஒல்லிப் பெட்டி என்றால் குட்டைத் தகடு கொடுக்கும் கார்டாகக் கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் மூடி மூடாது. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் அதற்கு 470 வரிசையோடு நின்றுவிட்டது. அதற்கு மேற்பட்டதைப் போட முயலாதீர்கள்.

கார்டு போட்டதும் போர்டின் பழைய விஜிஏ இருண்டுவிடும். பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். கார்டைக் கண்டதும் உள் கிராபிக்ஸை நிறுத்திவிடுவது பல போர்டுகளின் வழக்கம். சில போர்டுகளில் பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் அமைப்புத் திரைக்குள் போனால் இரண்டையும் சேர்த்து இயக்க 'மல்டி மானிட்டர்' என்று ஓர் அமைப்பு இருக்கும். உங்கள் ஜி41இல் அது இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் கவலை இல்லை. இரண்டு திரையையும் கார்டிலேயே மாட்டுங்கள்: ஒன்று அதன் விஜிஏயில், மற்றது எச்டிஎம்ஐயில் கன்வெர்ட்டர் வைத்து.

ராமநாதபுரம் ஓய்வாசிரியர் | செவ்வாய், காலை 6.50

அக்காள்மடம் அம்மாவுக்கு ஒரு கேள்வி. முயற்சி நல்லது. ஆனால் உங்களிடம் வருபவர்களில் பலருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. சிலருக்குத் தமிழும் படிக்க வராது. அவர்கள் முன்னால் திரை வைத்து என்ன பயன்? அந்த நேரத்தில் நீங்களே இரண்டு முறை சரிபார்த்தால் போதாதா? இன்னொன்று: அந்தத் திரை பெஞ்சில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவருடைய ஆதார் எண், கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல், கணவர் இறந்த தேதி, இவையெல்லாம் ஊர் பார்ப்பதற்கல்ல.

அக்காள்மடம் ஜெராக்ஸ் கடை | செவ்வாய், காலை 8.15

ஐயா, இரண்டாவது கேள்வி மிகச் சரியானது. அதை நான் யோசிக்கவில்லை.

முதல் கேள்விக்கு என் பதில் வேறு. நான் இரண்டு முறை சரிபார்க்காமல் இல்லை. என் கண் நான் நினைத்ததைப் படிக்கிறது, எழுதியதைப் படிப்பதில்லை. அந்த அம்மாவின் விண்ணப்பத்தையும் இரண்டு முறை பார்த்துத்தான் அனுப்பினேன். படிக்கத் தெரியாதவர்களுக்கும் தம் வங்கிப் புத்தகத்தில் பெயர் எப்படி இருக்கும் என்று தெரியும். எண்கள் எல்லோருக்கும் தெரியும். வலைக்கும் மீனுக்கும் கணக்குப் பார்க்கிற பெண்களுக்குக் கணக்கு எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க யார் சொல்லித்தர வேண்டும்? அவர்கள் பெயரில் போகிற தாளை அவர்கள் பார்க்காமல் அனுப்ப எனக்கு இனி மனம் வராது.

கன்வெர்ட்டருக்கு இன்று ராமநாதபுரம் போகிறேன்.

உச்சிப்புளி பெஞ்ச் | செவ்வாய், காலை 9.02

பழுது பார்க்கிறவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. கேபிள் மாட்டும் முன் கணினி, திரைகள் எல்லாவற்றையும் அணைத்து, சொருகியையும் உருவிவிடுங்கள். மூன்றுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து மின்சாரம் கொடுங்கள். வாடிக்கையாளர் பக்கத் திரைக்கு எதிர்ச் சுவரில் இருக்கும் வேறு சொருகியிலிருந்து கொடுத்தால், இரண்டு இடத்து எர்த்தும் சமமாக இல்லாதபோது விஜிஏ படத்தில் மெல்லிய பட்டைகள் மேலும் கீழும் ஊர்ந்துகொண்டிருக்கும். பெட்டியின் இரும்பைத் தொடும்போது விறுவிறு என்று வந்தால் திரையை விடுங்கள், முதலில் எர்த்தைப் பார்க்க ஆளைக் கூப்பிடுங்கள்.

அக்காள்மடம் ஜெராக்ஸ் கடை | செவ்வாய், இரவு 8.20

கன்வெர்ட்டர் கிடைத்தது. மாட்டினேன். படம் வந்துவிட்டது!

ஆனால் எழுத்துகள் மங்கலாக, சற்று மேல்நோக்கி நீண்டு தெரிகின்றன. அமைப்பில் திரையளவு 1024க்கு 768 புள்ளிகளுக்கு மேல் எதுவும் காட்டவில்லை. திரையின் பெயரும் வரவில்லை, பொதுவாக ஏதோ பெயர் போடுகிறது. டிரைவரை மூன்று முறை நீக்கிப் போட்டேன். மாற்றமில்லை. கன்வெர்ட்டர் தரமில்லாததா?

தொண்டிக் கரை | செவ்வாய், இரவு 8.33

17 அங்குலச் சதுரத் திரை என்றால் 1280க்கு 1024 வர வேண்டும் அக்கா. என்னிடமும் ஒன்று இருக்கிறது.

கீழக்கரை வயரிங் | செவ்வாய், இரவு 9.10

டிரைவரைத் தொடாதீர்கள். கன்வெர்ட்டரையும் இப்போது குறை சொல்ல வேண்டாம். படம் வருகிறது, திரையின் பெயர் வரவில்லை என்பதே நோயைச் சொல்லிவிட்டது. திரை தன் பெயரையும் தன்னால் காட்டக்கூடிய அளவுகளையும் கணினிக்குச் சொல்லும். அந்தப் பேச்சு வண்ணம் போகும் கம்பிகளில் போவதில்லை. 12ஆம் ஊசியிலும் 15ஆம் ஊசியிலும் போகிறது. அந்தப் பேச்சு காதில் விழாவிட்டால் கணினி பத்திரமான சிறிய அளவு ஒன்றை வைத்துக்கொள்ளும்.

இப்போது இரண்டு திரைகளின் விஜிஏ கேபிள்களை மாற்றி மாட்டுங்கள். உங்கள் பெரிய திரை சின்ன அளவுக்கு இறங்கினால் குற்றவாளி கேபிள். இறங்காவிட்டால் சதுரத் திரையின் வாயோ கன்வெர்ட்டரோ.

அக்காள்மடம் ஜெராக்ஸ் கடை | செவ்வாய், இரவு 9.48

மாற்றி மாட்டினேன். என் பெரிய திரை 1024க்கு 768க்கு இறங்கிவிட்டது. சதுரத் திரை பளிச்சென்று 1280க்கு 1024 காட்டுகிறது.

கேபிளின் வாயைக் கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து. நடு வரிசையில் ஓர் ஊசி இல்லவே இல்லை. அதுதானா?

கீழக்கரை வயரிங் | செவ்வாய், இரவு 9.55

நடு வரிசையில் நான்காவதா? அது 9ஆம் ஊசி. பல கேபிள்களில் அதை வைப்பதே இல்லை, அதனால் கெடுதல் இல்லை. அகலமான பக்கம் மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு கடைசி வரிசையைப் பாருங்கள். 11 முதல் 15 வரை அதில்தான். ஓரத்திலிருந்து இரண்டாவது ஒன்று, மறு ஓரத்தில் கடைசி ஒன்று.

அக்காள்மடம் ஜெராக்ஸ் கடை | செவ்வாய், இரவு 10.12

காக்கா, ஐந்தும் இருக்கின்றன. ஆனால் 12ஆம் ஊசி மட்டும் மற்றவை போல் இல்லை. நுனி கறுத்திருக்கிறது, அடியில் பச்சையாக ஏதோ பூத்திருக்கிறது. குத்துவிளக்கைத் தேய்க்காமல் விட்டால் மூட்டில் படியுமே, அதே களிம்பு. உலோகச் சட்டத்தின் உள்விளிம்பிலும் வெள்ளையாக ஒரு பூப்பு. நாக்கில் வைக்காமலே உப்பு என்று தெரிகிறது.

தம்பி வீடு பாம்பனில் தென்கடல் பக்கம். திரை கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே மூடாமல் இரண்டு வருஷம் கிடந்தது.

உச்சிப்புளி பெஞ்ச் | புதன், காலை 7.30

இதைத்தான் மேசையில் தினமும் பார்க்கிறேன். மதுரையில் பத்து வருஷம் ஓடுகிற போர்டு தீவில் நான்கு வருஷத்தில் பழுதுக்கு வந்துவிடுகிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் பக்கத்து வீடுகளிலிருந்து, வாடை வீசும்போது வடகடல் பக்கத்திலிருந்து என்று பழுதும் காற்றோடு திசை மாறி வரும். காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் படிந்த உப்பு தானே தண்ணீரை இழுத்துக் கரைந்துகொள்ளும். நம் கரையில் பல இரவுகள் அப்படித்தான். ஊசி பித்தளை, மேற்பூச்சு கொஞ்சம் தேய்ந்த இடம் இருந்தால் போதும், களிம்பு பிடித்துவிடும்.

செய்ய வேண்டியது: ஐசோபுரோபைல் ஆல்கஹால், 99 சதவீதம் என்று போட்டது. மென்மையான பழைய பல்துலக்கியைத் தொட்டு ஊசிகளின் நீளவாக்கில் தேயுங்கள். உப்புத்தாள் போடவே கூடாது. மிஞ்சியிருக்கும் பூச்சும் போய்விடும், அடுத்த மாதமே களிம்பு வரும். நன்றாக உலரவிட்டு மாட்டுங்கள். கன்வெர்ட்டர் பக்கத்து வாயையும் திரையின் வாயையும் அதேபோல் துடையுங்கள், களிம்பு ஒட்டிக்கொண்டிருக்கும்.

கணினிப் பெட்டியையும் ஒருமுறை திறந்து, நினைவக அட்டையைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்துவிடுங்கள். ரப்பர்த் துகள் உள்ளே விழாமல் வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

அக்காள்மடம் ஜெராக்ஸ் கடை | புதன், மாலை 5.40

துடைத்தேன். பல்துலக்கியின் நுனி பச்சையாகிவிட்டது. மாட்டியதும் திரையின் பெயர் வந்தது, 1280க்கு 1024 வந்தது. இருந்தாலும் அந்த ஊசியின் நுனி பொரிந்திருக்கிறது, நம்பிக்கை இல்லை. புதுக் கேபிள் ஒன்று வாங்கிவிட்டேன். வாங்கும்போது கடைக்காரரிடம் கடைசி வரிசையைக் காட்டச் சொன்னேன். முதலில் எடுத்துக் கொடுத்ததில் 12, 15 இரண்டு இடமும் காலி! வேறு வாங்கினேன்.

இப்போது ஐயா கேட்ட கேள்விக்கு வருகிறேன். விண்டோஸ் விசையோடு பி விசையை அழுத்தினால் நான்கு வழிகள் வருகின்றன. 'நகல்' என்று வைத்தால் என் திரையில் இருப்பதெல்லாம் அங்கே தெரிகிறது. முந்தியவருடைய கோப்பின் பெயர், கடவுச்சொல் கேட்கும் பெட்டி, எல்லாம். என் திரை அகலம், அது சதுரம் என்பதால் நகலில் என் பக்கமும் மங்கிவிடுகிறது. 'நீட்டிப்பு' என்று வைத்தால் அந்தத் திரை தனி. ஆனால் அது எனக்கு முதுகு காட்டி நிற்கிறது. அங்கே நடப்பது எனக்குத் தெரியாது. எது நல்லது?

தொண்டிக் கரை | புதன், மாலை 6.15

நகலே போதும் அக்கா. தட்டச்சு செய்யும்போதே அவர் பார்த்துத் திருத்துவார். நேரம் மிச்சம். கூட்டம் இருக்கும்போது ஒவ்வொருவருக்கும் தனியாகக் காட்டிக்கொண்டிருந்தால் நேரம் தீர்ந்து விண்ணப்பத் தளம் நம்மை வெளியேற்றிவிடும்.

ராமநாதபுரம் ஓய்வாசிரியர் | புதன், இரவு 7.00

தம்பி, நேரம் மிச்சம் என்பதற்காக இன்னொருவருடைய கடவுச்சொல்லை ஊருக்குக் காட்ட முடியாது. நான் நகலுக்கு எதிராகத்தான் நிற்பேன்.

கீழக்கரை வயரிங் | புதன், இரவு 8.25

ஆசிரியர் பக்கம்தான் நானும். நீட்டிப்பில் வையுங்கள் தங்கச்சி. திரை அமைப்புக்குள் போனால் இரண்டு கட்டங்கள் 1, 2 என்று இருக்கும். உங்கள் திரையை முதன்மை என்று குறித்துவிடுங்கள். கடவுச்சொல்லும் ஆதார் எண்ணும் தட்டுகிற வரை சாளரம் உங்கள் பக்கமே இருக்கட்டும். அனுப்பும் முன்பு விண்டோஸ், ஷிஃப்ட், வலது அம்பு மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அந்தச் சாளரம் மட்டும் அப்படியே அடுத்த திரைக்குப் போய்விடும். இடது அம்பு அழுத்தினால் திரும்பி வரும். கண்ட்ரோலோடு கூட்டல் குறியை இரண்டு மூன்று முறை அழுத்தினால் எழுத்து பெரிதாகும், வயதானவர்களுக்குக் கண்ணாடி தேடும் வேலை இருக்காது. தளத்தின் நேரம் தீர்ந்துவிடும் என்று தம்பி சொல்வது உண்மைதான். அதற்காக முதலில் பெயரும் கணக்கு எண்ணும் இருக்கும் பக்கத்தை மட்டும் காட்டிவிடுங்கள், மற்றவை பிறகு.

திரையை மேசை மேல் உயர்த்தி வைக்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் மட்டத்துக்குத் தாழ்த்தி, பெஞ்சுக்கு முதுகு காட்டும்படி திருப்புங்கள்.

அக்காள்மடம் ஜெராக்ஸ் கடை | வெள்ளி, இரவு 9.15

இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தாயிற்று. நீட்டிப்பில்தான் வைத்திருக்கிறேன். சாளரத்தை அனுப்பியதும் நான் எழுந்து அந்தப் பக்கம் போய் அவர்களோடு உட்கார்ந்துவிடுகிறேன். அந்தத் திரை எனக்கு முதுகு காட்டுகிறது என்று கவலைப்பட்டேனே, அந்தப் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டதும் அந்தக் கவலை முடிந்தது.

நேற்று காலை தடைக்காலத்தில் திரும்பிப்போன அந்த அம்மாவையே கூப்பிட்டு மறுபடி விண்ணப்பம் போட்டேன். சாளரத்தை அனுப்பி, எழுத்தைப் பெரிதாக்கி, பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் மடியிலிருந்து வங்கிப் புத்தகத்தை எடுத்து, பெயர் இருக்கும் பக்கத்தைத் திறந்து, திரையின் விளிம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். வலது கை ஆள்காட்டி விரல் திரையில், இடது கைக் கட்டைவிரல் புத்தகத்தில். இரண்டும் ஒவ்வோர் எழுத்தாக ஒன்றாக நகர்ந்தன. எச் எழுத்துக்கு வந்ததும், "இந்த ஏணி போன்றது இரண்டிலும் இருக்கிறது" என்றார். பிறகு கணக்கு எண்ணுக்குப் போனார். அதைச் சத்தமாகப் படித்தார். கடைசிக்கு முந்திய இலக்கத்தில் விரல் நின்றது. புத்தகத்தில் 6, நான் தட்டியது 9.

அவரிடம் மன்னிப்புக் கேட்டுத் திருத்தினேன். மறுபடி முதலிலிருந்து விரல் வைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அனுப்பச் சொன்னார்.

ஐயா, படிக்கத் தெரியாதவர்களுக்குத் திரை எதற்கு என்று கேட்டீர்கள். அந்த அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை.

ராமநாதபுரம் ஓய்வாசிரியர் | வெள்ளி, இரவு 9.40

என் கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன் அம்மா. நான் 31 வருஷம் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன். ஏணி என்று அவர் சொன்னதை இரண்டு முறை படித்தேன்.

தொண்டிக் கரை | வெள்ளி, இரவு 10.02

எனக்கும் கார்டு வந்துவிட்டது. காக்கா சொன்னதுபோலவே பழைய விஜிஏ இருண்டது. பயாஸில் அந்த அமைப்பும் இல்லை. இரண்டையும் கார்டிலேயே மாட்டிவிட்டேன். ஓடுகிறது. அக்கா, அந்த ஸ்டூல் யோசனையை எங்கள் கம்பெனியிலும் செய்யப் போகிறேன். நண்டு எடை போடும்போது கொண்டுவருபவர்கள் பட்டியலைப் பார்ப்பதே இல்லை.

உச்சிப்புளி பெஞ்ச் | சனி, காலை 7.10

அக்காள்மடத்துக்கு ஒன்று விட்டுப்போயிற்று. பயன்படுத்தாத வாய்களுக்கு ரப்பர் மூடி போட்டுவிடுங்கள். கடை சாத்தும்போது கணினியை அணைத்து, சூடு ஆறிய பிறகு பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரம் உள்ளேயே நிற்கும். பழைய கேபிளைத் தூக்கிப் போடாமல் எனக்கு அனுப்புங்கள். அந்த 12ஆம் ஊசியைக் கடைக்கு வருகிற பையன்களுக்குக் காட்ட வேண்டும்.

அக்காள்மடம் ஜெராக்ஸ் கடை | சனி, காலை 8.05

நாளை உச்சிப்புளி வழியாகத்தான் வருகிறேன் அண்ணன், நேரில் கொண்டுவந்து தருகிறேன். மூடிகள் உங்களிடம் இருந்தால் நான்கு எடுத்து வையுங்கள்.